வென்டிலேட்டரில் இருப்பவர் எவ்வளவு உழைக்கிறார்? மூச்சின் சுமையை அளக்கும் முறைகள்

செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைக்கப்பட்ட ஒருவரைப் பார்க்க வரும் உறவினர்களில் பெரும்பாலோர், மூச்சு விடும் வேலையை இனி வென்டிலேட்டர் பார்த்துக்கொள்ளும், நோயாளியின் உடல் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்ற ஆறுதலோடுதான் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டர்பன் நகர மருத்துவமனைகளுக்குப் பார்வையாளர் நேரத்தில் வந்து நிற்கும் நம் குடும்பங்களிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் இந்த எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஜான் மரினியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். நோயாளி மூச்சை இழுக்கத் தொடங்கியதும் கருவி காற்றை அனுப்பத் தொடங்குகிறது. ஆனால் கருவி வந்துவிட்டது என்பதற்காக நோயாளியின் தசைகள் வேலையை நிறுத்திவிடுவதில்லை, அந்த மூச்சு முடியும்வரை தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன என்பது அந்த அளவீடுகளில் தெளிவாகத் தெரிந்தது. கருவி எவ்வளவு தள்ளுகிறது என்பது திரையில் எண்ணாகத் தெரியும். நோயாளி எவ்வளவு இழுக்கிறார் என்பது, யாராவது முயன்று அளந்தால் தவிர, எங்கும் தெரிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் பதிவாகும் எண்ணற்ற எண்களில் இந்த ஒன்றுக்கு மட்டும் பெரும்பாலான படுக்கைகளில் இன்றும் கட்டம் கிடையாது. அது இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நலமான மனிதருக்கு மூச்சு விடுவது மிகச் சிறிய செலவு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு நுரையீரலின் மீள்தன்மையை எதிர்த்து அதை விரிக்கவும், மூச்சுக்குழல்களின் தடையைக் கடந்து காற்றை உள்ளே கொண்டுவரவும் பயன்படுகிறது. இதற்கு நீர்மட்டக் கணக்கில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஐந்து சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவிலான அழுத்தமே போதும். இக்கட்டுரையில் அழுத்தமெல்லாம் இந்தச் சென்டிமீட்டர் கணக்கில்தான். உடல் பயன்படுத்தும் மொத்த ஆக்சிஜனில் மூச்சுத் தசைகளின் பங்கு 1 முதல் 3 சதவீதம் வரைதான். மூச்சை வெளியே விடுவதற்குத் தனியாக உழைப்பே தேவைப்படுவதில்லை. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும்.

நோய் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. நிமோனியாவில் நீர் கோத்த நுரையீரல் விறைத்துப்போகிறது. அதை விரிக்க இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. ஆஸ்துமாவில் குழல்கள் சுருங்கித் தடை கூடுகிறது. டர்பன் அமைந்துள்ள குவாஸூலு-நாட்டால் மாகாணத்தில் பரவலாக இருக்கும் காசநோய், மருந்தால் குணமான பிறகும் சில நுரையீரல்களைத் தழும்பேறியவையாகவும் விரிந்து சிதைந்த குழல்கள் கொண்டவையாகவும் விட்டுச்செல்வதால், அப்படிப்பட்டவருக்குப் பிறகு ஒருநாள் சாதாரண சளிக்காய்ச்சல் வந்தாலும் விறைப்பு, தடை ஆகிய இரண்டு சுமைகளும் ஒருசேர ஏறிவிடுகின்றன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வளர்ந்த டர்பனின் மெரபேங்க் பகுதியில் குழந்தைகளின் ஆஸ்துமா பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் பிரச்சினை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். காய்ச்சலும் இரத்தத்தின் அமிலத்தன்மையும் இவற்றோடு சேர்ந்தால், நிமிடத்துக்கு உள்ளே போக வேண்டிய காற்றின் அளவே கூடிவிடுகிறது. கடும் நோயில் மூச்சுத் தசைகள் மட்டுமே உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளக்கூடும்.

அந்த ஆக்சிஜன் வேறெங்கிருந்தோ வருவதில்லை, மற்ற உறுப்புகளின் பங்கிலிருந்துதான் வருகிறது. 1980களின் தொடக்கத்தில் மிஷேல் ஓபியேவும் சாரிஸ் ரூசோஸும் உடன் ஆய்வாளர்களும் நாய்களில் நடத்திய சோதனைகள் இதை மிகக் கூர்மையாகக் காட்டின. இதயத்தின் இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைக்கப்பட்ட நாய்களில், தானாக மூச்சு விட விடப்பட்டவை சில மணி நேரத்தில் மூச்சு நின்று இறந்தன. அதே அளவு இரத்த ஓட்டக் குறைவோடு வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவை அந்த நேரத்தைத் தாண்டி உயிரோடிருந்தன. தானாக மூச்சு விட்டவற்றில் இதயம் அனுப்பிய மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூச்சுத் தசைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. இரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருக்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு இன்னும் நன்றாக இருக்கும்போதே மருத்துவர்கள் சில வேளைகளில் தொண்டை வழியே வென்டிலேட்டர் குழாய் பொருத்த முடிவெடுப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. விரலில் மாட்டும் கிளிப் ஆக்சிஜனைக் காட்டும்; அந்த ஆக்சிஜனைப் பெற உடல் கொடுக்கும் விலையை அது காட்டாது.

இந்த விலையை எப்படி எண்ணாக்குவது என்பதில் முதலில் இயற்பியல்தான் வழி காட்டியது. விசையால் ஒரு பொருள் நகர்ந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. காற்றைப் பொறுத்தவரை, அழுத்தத்தை நகர்ந்த கொள்ளளவால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். ஒரு லிட்டர் காற்றை 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் நகர்த்தினால் அது ஏறத்தாழ 1 ஜூல். நலமானவர் ஓய்வில் ஒரு லிட்டருக்கு அரை ஜூலுக்கும் குறைவாகவே செலவிடுகிறார். ஓட்டிஸ், ஃபென், ரான் என்ற மூவர் 1950-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியது. 1958-இல் மோரன் கேம்பெல் வரைந்த வரைபடம், நுரையீரலை விரிக்க ஆன வேலை எவ்வளவு, குழல்தடையை வெல்ல ஆனது எவ்வளவு, மார்புக்கூட்டை நகர்த்த ஆனது எவ்வளவு என்று பரப்பளவுகளாகப் பிரித்துக் காட்டியது. இன்றும் மூச்சியக்கவியல் பாடம் அந்த வரைபடத்தில்தான் தொடங்குகிறது.

வரைபடத்துக்குக் கொள்ளளவு எளிதாகக் கிடைக்கும், அழுத்தம்தான் சிக்கல். நுரையீரலைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையிலான அழுத்தம் தெரிய வேண்டும், ஆனால் அங்கே ஊசி செலுத்துவது ஆபத்து. உணவுக்குழாய் மார்பின் நடுவே அந்த உறைகளை ஒட்டியே இறங்குவதால் அதனுள் இருக்கும் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் உறையழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுகிறது. இதை 1949-இல் பாய்டென்டைக் என்ற டச்சு ஆய்வாளர் பயன்படுத்திக் காட்டிய பிறகு, உணவுக்குழாய் பலூன் என்ற முறை நிலைபெற்றது. நுனியில் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய பலூன் உள்ள குழாய் மூக்கு வழியே முதலில் இரைப்பை வரை இறக்கப்படுகிறது. அங்கே நோயாளி மூச்சை இழுக்கும்போது அழுத்தக்கோடு மேலே ஏறும், ஏனெனில் உதரவிதானம் வயிற்றை அமுக்குகிறது. பிறகு குழாயை மெல்ல வெளியே இழுக்க இழுக்க, ஓரிடத்தில் அந்தக் கோடு திரும்பிவிடும்: இப்போது மூச்சை இழுக்கும்போது கோடு கீழே இறங்குகிறது, இதயத் துடிப்பின் சிறு நடுக்கங்களும் அதன்மேல் தெரிகின்றன. பலூன் மார்புக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சரியான இடம்தானா என்று உறுதிசெய்ய 1982-இல் பைடூரும் மற்றவர்களும் ஒரு சோதனை சொன்னார்கள்: காற்றுவழியை ஒரு கணம் அடைத்துவிட்டு நோயாளியை இழுக்க விட்டால், உணவுக்குழாய் அழுத்தமும் காற்றுவழி அழுத்தமும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்க வேண்டும், இரண்டுக்குமான விகிதம் 0.8-க்கும் 1.2-க்கும் இடையில் இருந்தால் பலூனை நம்பலாம்.

இவ்வளவு நேர்த்தியான முறையிலும் ஒரு ஓட்டை உண்டு, அது இயற்பியலின் இலக்கணத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்ட கரும்பு வண்டியை ஓர் ஆள் முழுப் பலத்தோடு தள்ளுகிறார் என்றால், வண்டி அங்குலம்கூட நகராதவரை அவர் செய்த வேலை பூச்சியம் என்றே இயற்பியல் சொல்லும். அவருடைய தோளும் தொடையும் வேறு கணக்கு சொல்லும். நோயுற்ற நுரையீரலில் இது அன்றாடம் நடக்கிறது. நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு உள்ளவருக்கு வெளியே போக வேண்டிய காற்று முழுதாகப் போகும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. உள்ளே சிக்கிய காற்று 8 அல்லது 10 சென்டிமீட்டர் அழுத்தத்தை நுரையீரலுக்குள் வைத்திருக்கும். அடுத்த மூச்சில் உதரவிதானம் முதலில் அந்த 10 சென்டிமீட்டரை ஈடுகட்ட வேண்டும், அதுவரை ஒரு துளிக் காற்றும் உள்ளே நுழையாது. பலவீனமானவர் என்றால் அந்த எல்லையைத் தாண்டவே முடியாமல் போகலாம். அவர் இழுத்தது கருவிக்குத் தெரிவதில்லை, கருவி காற்று தருவதில்லை, திரையில் அந்த மூச்சு பதிவாவதே இல்லை. நிமிடத்துக்கு 18 என்று கருவி காட்டும்போது நோயாளியின் மார்பு 28 முறை முயன்றிருக்கலாம். வீணான அந்தப் பத்து முயற்சிகளின் வேலை, ஜூல் கணக்கில், ஏறத்தாழ பூச்சியம்.

ஆகவே பரப்பளவைவிட, தசை எவ்வளவு அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்தது என்பதை அளப்பதே நேர்மையானது என்ற கருத்து வலுப்பெற்றது. கோலெட், பெர்ரி, எங்கல் ஆகியோர் 1985-இல் செய்த ஆய்வில், மூச்சுத் தசைகள் செலவிடும் ஆக்சிஜனோடு வேலையின் அளவு பொருந்தியதைவிட, அழுத்தத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அளவு நன்றாகப் பொருந்தியது. காற்று நகராவிட்டாலும் இந்த அளவு உழைப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சென்டிமீட்டரை நொடியால் பெருக்கிய கணக்கில் நிமிடத்துக்கு 50 முதல் 100 வரை, அதிகம் போனால் 150 வரை, ஏற்கத்தக்க வரம்பு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மூச்சுத் திணறலில் இது 300, 400 என்று ஏறும். தசை தன் உச்சபலத்தில் எத்தனை பங்கை, மூச்சுச் சுழற்சியில் எத்தனை பங்கு நேரம் பயன்படுத்துகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கும் குறியீடு ஒன்றை பெல்மாரும் கிராசினோவும் 1982-இல் தந்தார்கள். உதரவிதானத்துக்கு அது 0.15-ஐத் தாண்டினால், அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட முடியாது, தசை களைத்துவிடும்.

கோட்பாடு இத்தனை தெளிவாக இருந்தும் நாற்பதாண்டுகளாக இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சொத்தாகவே இருந்துவிட்டன. பலூன் குழாய்க்குப் பணம் வேண்டும், அதை நிரப்பவும் நிலைநிறுத்தவும் படிக்கவும் பழகிய ஆள் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் மூச்சுச் சிகிச்சைக்கென்று அமெரிக்காவில் இருப்பது போன்ற தனிப் பணியாளர் வகுப்பு இல்லை. கருவியைச் சிஸ்டர்களும் மருத்துவர்களும்தான் இயக்குகிறார்கள், கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்ற தொழில்வகுப்பினர் இருக்கும் இடங்களில் அவர்கள் கைகொடுக்கிறார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவர்களைப் பயிற்றுவிக்கிறது. அப்படியொருவர் எல்லா இரவிலும் எல்லாப் படுக்கைக்கும் கிடைப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். எனவே இங்குள்ள நிலைமைக்கு எது பொருந்தும் என்று கேட்டால், கருவியிலேயே ஏற்கெனவே இருக்கும் பொத்தான்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

பெரும்பாலான தீவிர சிகிச்சை வென்டிலேட்டர்களில் வெளிமூச்சின் முடிவில் வால்வை மூடிவைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் அடுத்த மூச்சை நோயாளி மூடிய குழாயை எதிர்த்து இழுக்கிறார். அந்த ஒரு மூச்சில் கொள்ளளவுக் கோடு அசையாமல் கிடக்கும். அழுத்தக் கோடு மட்டும் கீழ்நோக்கிக் குழிந்து இறங்கித் திரும்பும். குழியின் ஆழத்தை அளந்துகொண்டு பொத்தானை விட்டுவிடலாம். மூச்சுக்கு மூச்சு மாறுபடும் என்பதால் இடைவெளிவிட்டு இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. 2019-இல் பெர்ட்டோனியும் டொரண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தக் குழியின் ஆழத்தை உணவுக்குழாய் பலூனோடு ஒப்பிட்டு, அதில் நான்கில் மூன்று பங்கை எடுத்தால் தசைகள் சாதாரண மூச்சில் உண்டாக்கும் அழுத்தத்தின் மதிப்பீடு கிடைக்கும் என்றும், மூன்றில் இரண்டு பங்கைக் கருவியின் தள்ளலோடு கூட்டினால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் தாங்கும் மொத்த இழுவிசை தெரியும் என்றும் காட்டினார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணோடு பார்க்கலாம். நிமோனியாவோடு படுத்திருக்கும் முதிய பெண்மணிக்கு, வெளிமூச்சு முடிந்த பிறகும் கருவி விடாமல் வைத்திருக்கும் அடிப்படை அழுத்தம் 8 சென்டிமீட்டர், அதன்மேல் கருவியின் உதவி 10, உச்சம் 18. ஆக்சிஜன் 95 சதவீதம், மூச்சு நிமிடத்துக்கு 26. திரையைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் படுக்கையருகே நிற்கும் பேத்தி கேட்கிறாள்: “மெஷின்தானே மூச்சு விடுது டாக்டர், அப்புறம் ஏன் ஆயாவுக்குக் கழுத்து இப்படி இழுக்குது?” மருத்துவர் பொத்தானை அழுத்துகிறார், கோடு 8-லிருந்து கீழே இறங்கிக் கழித்தல் 4-ஐத் தொட்டுத் திரும்புகிறது. ஆழம் 12. நான்கில் மூன்று பங்கு 9. ஆக, கருவி 10 தள்ளும்போது ஆயா 9 இழுக்கிறார். “மெஷின் பாதிதான்மா பார்க்குது, மீதிப் பாதியை ஆயாவேதான் இழுக்குறாங்க” என்று அவர் சொல்வது வெறும் ஆறுதல் பேச்சல்ல, கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு: 12-இல் மூன்றில் இரண்டு பங்கு 8, கருவியின் 10-ஐச் சேர்த்தால் 18. நுரையீரலின் மேல் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் இந்த இழுவிசை 16 அல்லது 17-ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அதே ஆய்வு சொல்கிறது. தசையின் உழைப்பு ஏற்கத்தக்க எல்லையின் விளிம்பில் நிற்கிறது, நுரையீரலின் சுமையோ எல்லையைத் தாண்டிவிட்டது. கருவியின் திரை மட்டும் சொல்லும் எண் 10.

இப்படித் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது எளிதான கேள்வியல்ல. உதவியைக் கூட்டினால் தசைக்கு ஓய்வு கிடைக்கலாம், ஆனால் நுரையீரலின் மொத்த இழுவிசை குறையும் என்ற உறுதியில்லை. உதவியைக் குறைத்தால் நோயாளி இன்னும் வேகமாக இழுக்கலாம். காய்ச்சலைத் தணிப்பது, வலியைப் போக்குவது, அமிலத்தன்மையைச் சரிசெய்வது, அடிப்படை அழுத்தத்தை மாற்றிப் பார்ப்பது, தேவையானால் தூக்க மருந்தை அளவாகக் கூட்டுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறுபடி பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான் வழி. ஒருமுறை அளப்பதைவிட மாற்றத்தைத் தொடர்வதில்தான் இந்த அளவீட்டின் பயன் அதிகம்.

இதே வால்வைக் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் மூடி எடுக்கும் அளவு ஒன்றும் உண்டு. மூச்சு தொடங்கிய முதல் 0.1 நொடியில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் இந்த முறையை வைட்லா, தெரென், மிலிக்-எமிலி ஆகியோர் 1975-இல் விவரித்தார்கள். அடைப்பை உணர்ந்து எதிர்வினையாற்ற மூளைக்கு அந்த நேரம் போதாது என்பதால், மூளை எவ்வளவு அவசரத்தோடு மூச்சைக் கேட்கிறது என்பது அதில் கலப்படமின்றித் தெரிகிறது. 1 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நோயாளி மிகக் குறைவாக முயல்கிறார், 4-ஐ நெருங்கினால் மிக அதிகமாக முயல்கிறார் என்று கொள்ளலாம். பல கருவிகள் இதைத் தாமாகவே காட்டுகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: சில கருவிகள் வால்வை உண்மையில் மூடாமல், நோயாளி மூச்சைத் தூண்டும் சிறு இடைவெளியிலிருந்து இந்த எண்ணை ஊகிக்கின்றன, அவை காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும் வாய்ப்பு உண்டு.

மூளையின் கேட்பும் தசையின் கொடுப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் வென்டிலேட்டரில் கிடந்து தசை தேய்ந்தவரிடம் பொத்தானை அழுத்தினால் குழி 5 சென்டிமீட்டர்தான் இருக்கலாம். அதைப் பார்த்து அவர் சுகமாக இருக்கிறார் என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. 5-க்கு மேல் இழுக்க அவரிடம் பலமே இல்லாமல் இருக்கலாம், நிமிடத்துக்கு 38 முறை அந்த ஐந்தையே இழுத்துக்கொண்டிருக்கலாம். உச்சபலத்தையும் தெரிந்துகொள்ளாமல் ஒற்றை எண்ணை நம்பக்கூடாது.

தசையையே நேரில் பார்த்துவிடலாமே என்று அல்ட்ராசவுண்டை நாடுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். வலப்பக்க விலாவின் கீழ்ப்பகுதியில் கருவியின் முனையை வைத்தால் இரண்டு வெண்கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாக உதரவிதானம் தெரியும். மூச்சை இழுக்கும்போது அது தடிக்கிறது. 2 மில்லிமீட்டராக இருந்தது 2.4 ஆனால் தடிப்பு 20 சதவீதம். ஓய்வான மூச்சுக்கு 15 முதல் 30 சதவீதம்வரை ஏற்கலாம் என்கிறார்கள். பார்க்க அழகான முறைதான், ஆனால் இங்கே எல்லாத் தீர்ப்பும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குகளில் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. முனையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே 15 என்பது 25 ஆகிவிடும். கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் செய்யும் உழைப்பு இதில் சேர்வதும் இல்லை. பொத்தானுக்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல.

உழைப்பை முழுக்க நிறுத்திவிட்டால் இந்த அளவீடெல்லாம் தேவைப்படாதே என்ற எண்ணம் எழுவது இயல்பு. தென்னாப்பிரிக்க மருத்துவத்துக்கு அந்த வழி புதிதல்ல. பிறந்த குழந்தைகளுக்கு வரும் டெட்டனஸில் தசைகள் விறைத்து மூச்சே நின்றுபோகும். அக்காலத்தில் பெரும்பாலும் மரணத்தில் முடிந்த அந்த நோய்க்கு, தசைகளை மருந்தால் முற்றிலும் செயலிழக்கச் செய்து நாட்கணக்கில் செயற்கையாக மூச்சளிக்கும் சிகிச்சையை ஸ்மைத், புல் என்ற இரு மருத்துவர்கள் கேப் டவுனில் செய்து 1959-இல் வெளியிட்டார்கள். உயிர் காத்த வழி அது. விறைத்துத் துடிக்கும் தசைக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் மற்ற நோயாளிகளிலும் அதே முழு ஓய்வைக் கேள்வியின்றி நீட்டித்ததன் விலை பின்னால்தான் புரிந்தது. மூளை இறந்த உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதானத்தை 2008-இல் லெவைனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தபோது, 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே செயலற்றுக் கிடந்த அந்தத் தசையின் இழைகள் பாதிக்கு மேல் மெலிந்துபோயிருந்தன. கால் தசையோ கைத் தசையோ மூன்று நாளில் இப்படிக் கரைவதில்லை.

மிகுதியான உழைப்பு தசையைக் காயப்படுத்துகிறது, நோயுற்ற நுரையீரலை நோயாளியே தன் இழுப்பால் மேலும் கிழித்துக்கொள்ள வைக்கிறது. பிந்தையதை 2017-இல் ப்ரோஷார், ஸ்லட்ஸ்கி, பெசென்ட்டி ஆகியோர் தனிக் கருத்தாக முன்வைத்த பிறகு அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. உழைப்பே இல்லாமை தசையைக் கரைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தசைகளின் அழுத்தம் மூச்சுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர்வரை இருப்பது நலம் என்று இத்துறை அறிஞர்கள் பலர் ஏற்கிறார்கள். அந்த வரம்பில் நோயாளியை வைத்திருந்தால் கூடுதலானோர் பிழைப்பார்கள் என்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இன்னும் நிறுவவில்லை. வரம்பு உடலியல் தருக்கத்திலும் தொடர் அவதானிப்புகளிலும்தான் நிற்கிறது. ஆனாலும் அளக்காமல் தூக்க மருந்தைக் கூட்டிக் குறைப்பதைவிட அளந்து செய்வது எவ்விதத்திலும் தாழ்ந்ததாகாது.

குழாயை எடுக்கும் நேரம் நெருங்கும்போது உழைப்பை அளப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நோயாளி தானாகத் தாக்குப்பிடிப்பாரா என்று சோதிக்கும் அரைமணி நேரத்தில் கருவியின் உதவியை 7 அல்லது 8 சென்டிமீட்டரில் வைத்திருப்பது பல இடங்களில் வழக்கம். குழாயின் தடையை ஈடுகட்டத்தான் இந்த உதவி என்று அதற்குக் காரணம் சொல்லப்படும். குழாய் எடுத்த பிறகு நோயாளி செய்யும் உழைப்பை நேரடியாக அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வு, உதவியே இல்லாமல் செய்த சோதனையில் காணும் உழைப்புதான் பிந்தைய உழைப்பை ஒத்திருக்கிறது என்றும், அந்தச் சிறு உதவி உழைப்பைக் கணிசமாகக் குறைத்துக் காட்டுகிறது என்றும் கண்டது. குழாய் வைத்திருந்த தொண்டை வீங்கியிருக்கும், எனவே குழாயின் தடை போய் வீக்கத்தின் தடை வந்துவிடுகிறது. களைத்த தசை உள்ளவரிடம் உதவியைப் பூச்சியமாக்கிச் சோதிப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

குழாய் எடுத்தபின், அல்லது குழாயே வைக்காமல் மூக்கு வழியே அதிவேக ஆக்சிஜனில் இருப்பவரிடம், மூடுவதற்கு வால்வே இல்லை. 2020-இல் கேப் டவுனின் குரூட் ஸ்கூர், டைகர்பெர்க் மருத்துவமனைகளில் கோவிட் நோயாளிகள் 293 பேர் இப்படி நடத்தப்பட்டார்கள். அவர்களில் 137 பேர், அதாவது 47 சதவீதத்தினர், வென்டிலேட்டர் இல்லாமலே மீண்டார்கள். அங்கே யாருக்குக் குழாய் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி அறியப் பயன்பட்ட ராக்ஸ் குறியீடு, இரத்த ஆக்சிஜன் சதவீதத்தைக் கொடுக்கப்படும் ஆக்சிஜனின் பங்காலும் பிறகு மூச்சு எண்ணிக்கையாலும் வகுத்துக் கிடைப்பது. பயனுள்ளதுதான், ஆனால் அது உழைப்பை அளப்பதில்லை, உழைப்பின் நிழலை மட்டும் அளக்கிறது. உயரத்துக்கும் அது கட்டுப்பட்டது: கடலோர டர்பனைவிட, சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொஹானஸ்பர்க்கில் உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே நுரையீரல், அதே உழைப்பு இருந்தும் ராக்ஸ் எண் அங்கே தாழ்ந்தே வரும். கடல்மட்டத்தில் வகுத்த எல்லைக்கோட்டை அங்கே அப்படியே வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. வால்வை மூடி அளக்கும் குழியின் ஆழத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, சென்டிமீட்டர் எங்கேயும் சென்டிமீட்டர்தான். வால்வு இல்லாத நோயாளியிடம் மூச்சு எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், காறை எலும்புக்கு மேலே கழுத்தின் பக்கத்தில் இரு விரல்களை வைத்து ஒவ்வொரு மூச்சிலும் அங்குள்ள தசை இறுகுகிறதா என்று சில நிமிடங்கள் தொட்டுப் பார்த்து, இறுகினால் அதையும் மணிநேரப் பதிவேட்டில் எழுதிவைப்பதும், அல்ட்ராசவுண்ட் கிடைக்கும் இடங்களில் தடிப்பை ஒரே இடத்தில் அடையாளமிட்டு மறுபடி மறுபடி அளப்பதும்தான் இப்போதைக்கு நடைமுறையில் செய்யக்கூடியவை.